வாசல் வெட்டியாச்சா, மச்சான்?

மழை வரும் போலவும் வராது போலவும் இழுத்துக்கொண்டிருந்த ஒரு மதியம். பழைய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் வேனை நிறுத்திவிட்டுப் படக்காரர் அந்தக் கட்டடத்தை நிதானமாகப் பார்த்தார். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரே தளம். ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே. வெளியில் இருந்து உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே படுத்திருப்பவனுக்கு வானம் மட்டும் தெரியும்.

"நல்லவேளை, எனக்கு இதுவரைக்கும் ஒரு நோயும் வரல" என்றான் மாப்பிள்ளை, வேனின் பின்கதவைத் திறந்துகொண்டே. "இங்க கொண்டுவந்து படுக்க வச்சா நோயில போறதுக்கு முன்னாடி பயத்துலயே போயிருப்பேன்."

"லிஃப்டைப் பார்த்தாலே மாடிப்படி எங்கன்னு கேக்கறவன் நீ. உனக்கு எந்த ஆஸ்பத்திரியா இருந்தா என்ன?"

மாப்பிள்ளை என்றால் படக்காரரின் தங்கையைக் கட்டியவன். இருவரும் சேர்ந்து பெயர்ப்பலகைக் கடை நடத்தினார்கள். படக்காரர் கணினியில் வரைவார். மாப்பிள்ளை இடத்தை அளப்பான், பிறகு கடையில் லேசர் இயந்திரத்தில் வெட்டுவான். இந்த வேலை கொஞ்சம் வித்தியாசமானது. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த இந்தக் கட்டடத்தைப் பார்வை இழந்தவர்களுக்கான சிகிச்சைப் பிரிவாகத் திறக்கப் போகிறார்கள். நுழைவாயிலில் ஒரு வரைபடம் மாட்ட வேண்டும். கண்ணால் பார்க்கிற படம் அல்ல, விரலால் தடவிப் பார்க்கிற படம். சுவர்கள் மேடாக இருக்கும், வாசல்கள் இடைவெளியாக இருக்கும். ஒரு மூலையில் சின்ன நட்சத்திரம். அதன் பக்கத்தில், தடவிப் படிக்கும் எழுத்தில், 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்'.

மாப்பிள்ளைக்கு மூடிய இடம் ஆகாது. குளியலறைக் கதவைக்கூடத் தாழ்ப்பாள் போட மாட்டான். அதற்குப் பதிலாக, உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிவிக்க, குளித்து முடிக்கும்வரை விசில் அடிப்பான். ஒரே மெட்டு. கடைசி அடியில் சுருதி கட்டாயம் இறங்கிவிடும். "கல்யாணமான நாள்லேர்ந்து அந்தக் கடைசி அடி சரியா வந்து நான் கேட்டதே இல்ல அண்ணா" என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குக் காலையிலும் வாசல்வரை வந்து, அவன் காதில் விழாதபடி, "அவரைத் தனியா எங்கயும் விட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

காவல்காரர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மெதுவாகப் பேசுகிறவர்; ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

"முன்னாடியும் ஒருத்தர் வந்து அளந்தாரு சார். எல்லா ரூமையும் போட்டாரு. அந்தக் கடைசி ரூமை மட்டும் அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டாரு."

"அரைகுறையான்னா?"

"ஒரு பக்கம் கோடு போடவே இல்ல. படத்தை நான் பார்த்தேன். ஆபீஸ்ல திட்டி அனுப்பிட்டாங்க."

மாப்பிள்ளை படக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தான். "அப்படிப்பட்ட ஆளுங்க இருக்கறதாலதான் மச்சான் நமக்கு வண்டி ஓடுது."

நடையின் முகப்பில் முன்பு நர்ஸ்கள் உட்கார்ந்திருந்த அறையில், தூசி தட்டிய ஒரு மேஜைமேல் படக்காரர் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். கட்டடத்தில் மின்சாரம் இன்னும் கொடுக்கவில்லை. பேட்டரி இருக்கிறவரைதான் வேலை. போனில் மாப்பிள்ளையை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவன் அறை அறையாகப் போய் சுவரில் சிவப்புப் புள்ளியை அடித்துத் தூரம் காட்டும் லேசர் மீட்டரால் அளந்து சொல்லச் சொல்ல, இவர் வரைந்துகொண்டே வந்தார்.

இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. திரையில் பார்க்க ஒரு பெட்டி முழுமையாகத் தெரியலாம். ஆனால் கோட்டின் தலையும் வாலும் உண்மையிலேயே ஒட்டியிருந்தால்தான் கணினி அதைப் பெட்டி என்று ஒத்துக்கொள்ளும். ஒரு மயிரிழை விட்டுப்போனாலும் அதற்கு அது வெறும் கோடுதான். கோட்டுக்கு உள்ளே, வெளியே என்று எதுவும் கிடையாது. மூடினால்தான் உள்ளே என்று ஒன்று உண்டாகும். அதனால் படக்காரருக்கு ஒரு பழக்கம். ஒவ்வோர் அறையையும் முதலில் நான்கு பக்கமும் முழுசாக மூடிவிடுவார். பிறகுதான் கத்தரிக் கருவியை எடுத்து வாசலை வெட்டுவார். "முதல்ல மூடு, அப்புறம் வாசல் வெட்டு" என்று கடைக்கு வேலை பழக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இது மாப்பிள்ளைக்கு வாய்ப்பாகப் போனது. முதல் அறையில் அளவு சொல்லி முடித்ததுமே கேட்டான்.

"மச்சான், இப்ப என்னை அடைச்சிட்டீங்களா?"

"அடைச்சாச்சு."

"ஐயோ. மூச்சு முட்டுது. வாசலை வெட்டுங்க, உங்க தங்கச்சி தாலிக்காவது மரியாதை குடுங்க."

"வெட்டியாச்சு, வெளிய வா."

அதற்குப் பிறகு ஒவ்வோர் அறையிலும் இதுதான். அளவு சொல்வான். வெளியே வராமல் உள்ளேயே நிற்பான். "வாசல் வெட்டியாச்சா, மச்சான்?" என்பான். வெட்டியாச்சு என்று இவர் சொன்ன பிறகுதான் அடுத்த அறைக்கு நகர்வான். விளையாட்டுதான். ஆனால் அந்த விளையாட்டுக்குள் அவனுடைய பயம் கொஞ்சம் இருந்ததும் படக்காரருக்குத் தெரியும். பயத்தைக் கேலியாக்கித்தான் அவன் அதோடு குடும்பம் நடத்தினான்.

கடைசி அறைக்கு வந்தபோது வானம் நன்றாக மூடிக்கொண்டிருந்தது.

"மச்சான், இந்தக் கதவு தானாச் சாத்திக்குது."

"ஏதாவது முட்டுக் குடு."

"ஒண்ணும் கிடைக்கல. செருப்பை வச்சிருக்கேன்." கொஞ்ச நேரம் காலடி ஓசை மட்டும் கேட்டது. ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுமையாக. "என்ன நாத்தம் இது? நனைஞ்ச கம்பளியைச் சுருட்டி வச்ச மாதிரி. கட்டில் ஒண்ணுகூட இல்ல, நாத்தம் மட்டும் இருக்கு."

அளவுகள் வந்தன. படக்காரர் வரைந்தார். ஒரு பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். கடைசிக் கோட்டைத் தொடங்கிய இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சேரவில்லை.

அவருக்கு அது புதிதில்லை. தினமும் நடக்கிற தொல்லைதான். இரண்டு முனைகளையும் தேர்ந்தெடுத்து இணைக்கும் கட்டளையைக் கொடுத்தார். 'இணைக்க இரண்டு திறந்த முனைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். சரி, இரண்டும் படத்தின் வேறு வேறு அடுக்கில், லேயரில், இருக்குமோ என்று பார்த்தார். இல்லை, ஒரே லேயர். ஒன்று வேறு கோடுகளோடு சேர்த்துக் கட்டிய குரூப்புக்குள் மாட்டியிருக்குமோ? அதுவும் இல்லை. இரண்டு முனைகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தார். இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. மறுபடி இணைத்தார். மறுபடி அதே அறிவிப்பு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முனைகளுக்கு நடுவில் நகக்கண் அளவு இடைவெளி. இன்னும் பெரிதாக்கினார். படம் பெருத்தது, கோடு தடித்தது. இடைவெளி மட்டும் அதே நகக்கண் அளவில் இருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் அது பெரிதாகவில்லை. சின்னதாக்கினாலும் சிறுக்கவில்லை.

"மச்சான்..."

"இரு, ஒரு சின்னத் தகராறு."

"இல்ல, நீங்க இங்க வந்தீங்களா?"

"நான் எங்க வரேன்? மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

"வாசல்ல யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு. முதுகுப் பக்கம் வெளிச்சம் குறைஞ்சுது. காவல்காரரோ என்னவோ."

படக்காரர் தலையைத் திருப்பி, திறந்திருந்த நடைவாசல் வழியாகப் பார்த்தார். காவல்காரர் வெளியே, வேனுக்குப் பக்கத்தில், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இடைவெளியைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்துத் தேர்ந்தெடுத்தார். இரண்டு முனைகள் தெரிய வேண்டிய இடத்தில் மூன்று தெரிந்தன. மூன்றாவது எந்தக் கோட்டையும் சேராத ஒரு தனிப் புள்ளி. நிறம் இல்லை, தடிமன் இல்லை. தேர்ந்தெடுத்தால் மட்டும் கண்ணுக்குப் படும். தவறிக் கை பட்டால் இப்படி அநாதைப் புள்ளிகள் விழுவதுண்டு. இது சரியாக இரண்டு முனைகளுக்கும் நடுவில், வாசல் வரவேண்டிய இடத்தில் இருந்தது.

சனியன், இதுதானா என்று அதை அழித்தார்.

"போயிட்டாங்க" என்றான் மாப்பிள்ளை, போனில்.

படக்காரர் சிரித்தார். இணைக்கப் பார்த்தார். அப்போதும் சேரவில்லை. இந்தத் தடவை அறை முழுவதையும் வளைத்துத் தேர்ந்தெடுத்தார். அழித்த புள்ளி இருந்தது. இப்போது வாசலில் இல்லை. அறைக்குள்ளே, சுவரை ஒட்டி இருந்தது.

போனில் விசில் கேட்டது. மாப்பிள்ளை தன் வழக்கமான மெட்டை ஆரம்பித்திருந்தான். கடைசி அடியில் சுருதி இறங்கியது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, அதே அடி மறுபடி கேட்டது.

"எதிரொலியைக் கேட்டீங்களா? மத்த ரூம்ல எல்லாம் இல்ல. ஆனா கொஞ்சம் லேட்டா வருது." இன்னொரு தடவை அடித்துப் பார்த்தான். அதுவும் இன்னொரு தடவை அடித்தது. "மச்சான், இது என்னைவிட நல்லா அடிக்குது. கடைசி அடி இறங்கவே மாட்டேங்குது பாருங்க."

அவன் சிரித்தான். படக்காரரும் சிரித்தார். எதிரொலி எப்படிச் சுருதியைத் திருத்தும் என்று யோசிக்கிற அளவுக்கு அவர் மனம் அங்கே இல்லை. திரையின் ஓரத்தில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. இந்த அறை முடிந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடி இத்தனை தூரம் வரவேண்டும்.

"அளவுலதான் ஏதோ தப்பு. உள்ள நல்லாத் தள்ளிப் போயி, அந்த மூலையிலேர்ந்து வாசல் பக்கம் ஒரு தடவை அளந்து சொல்லு."

"இங்க நிக்கவே பிடிக்கல."

"நிமிஷ வேலைடா. அளந்துட்டு ஓடி வா."

காலடி ஓசை உள்ளே போனது. ஒரு செருப்பு, ஒரு வெறுங்கால். பீப் என்று மீட்டர் சத்தம். அவன் சொன்ன எண் முன்பு சொன்னதைவிடக் குறைவாக இருந்தது.

"தப்பு. மறுபடி அள."

பீப். இன்னும் குறைந்தது.

"மீட்டர் கண்ணாடியைத் துடைச்சிட்டு அளடா" என்று சொல்லிக்கொண்டே படக்காரர், இப்படிப்பட்ட நேரங்களில் எல்லாரும் செய்கிற கடைசிக் குறுக்குவழியைச் செய்தார். இணையாத முனைகளோடு மல்லுக்கட்டாமல், இடைவெளியின் மேல் ஒரு சின்னத் துண்டுப் பெட்டியைத் தூக்கி வைத்து, இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடுவது. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. ஒட்டைப் போட்டார். கோடு மூடிக்கொண்டது. மூடியபோது மெலிதாக ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கணினியிலிருந்தா, நடையிலிருந்தா என்று தெரியவில்லை.

"முடிஞ்சுது மாப்ளே. மூடியாச்சு."

படக்காரர் போனைக் காதுக்கருகே எடுத்தார்.

"மாப்ளே?"

"மச்சான்" என்றான் அவன், மிக மெதுவாக. "இருட்டாயிருச்சு."

"மேகம்டா. மழை வருது."

"ஜன்னலும் தெரியல." குரல் நெருங்கி வந்தது, போனை வாயோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். "மீட்டரோட சிவப்புப் புள்ளி சுவர்ல விழல. நடுவுலயே நிக்குது. எது மேலயோ விழுந்து நிக்குது."

படக்காரர் கத்தரிக் கருவியை எடுத்தார். வாசல் இருக்கவேண்டிய இடத்தில் சொடுக்கினார். 'கத்தரியைக் கோட்டின்மேல் மட்டுமே பயன்படுத்த முடியும்' என்றது அறிவிப்பு. கோட்டின்மேல்தான் சொடுக்கியிருந்தார். மறுபடி. மறுபடி. அந்தக் கோடு கண்ணுக்கு இருந்தது, கத்தரிக்கு இல்லை.

"அது கிட்ட வருது மச்சான்."

"டார்ச்சைப் போடு."

"வேண்டாம். பார்க்க வேண்டாம்."

செய்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கும் அன்டூவைப் படக்காரர் அழுத்தினார். கடைசியாகச் செய்த ஒட்டுத்தான் முதலில் பிரிய வேண்டும். ஆனால் ஒட்டு அப்படியே இருக்க, மறைந்தது கடைசி அறைக்கு முந்தின அறை. அடுத்த அழுத்தலில் அதற்கும் முந்தினது. கயிற்றை அந்தப் பக்க முனையிலிருந்து யாரோ பிடித்து உருவுவது போல, படம் அந்தக் கோடியிலிருந்து காணாமல் போய்க்கொண்டே இந்தப் பக்கம் வந்தது. அடுத்து இருப்பது அவர் உட்கார்ந்திருக்கும் அறை. அவர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

திரை அணைந்தது.

போனோடு எழுந்து ஓடினார். நடை நீளமாக இருந்தது. ஓடும்போதே போன் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அழைப்புக்கு மேல் இன்னோர் அழைப்பு. தங்கை. எடுத்தால் அவன் அறுந்துபோவானோ என்று எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது.

நடையின் கடைசியில் சுவர் இருந்தது.

புதுச் சுவர் அல்ல. காரை உப்பிப் பொரிந்து, ஈரம் படிந்து, மூலையில் ஒட்டடை கட்டிய பழைய சுவர். என்றைக்கும் அங்கேயே இருந்தது போல இருந்தது. அடியில், தரையை ஒட்டி, ஒரு செருப்பின் முன்பாதி மட்டும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

படக்காரர் மண்டியிட்டுச் சுவரில் காதை வைத்தார். அந்தப் பக்கம் யாரோ அதே உயரத்தில் காதை வைத்திருப்பது தெரிந்தது.

போனில் மூச்சு வாங்கியது. பிறகு அவன் கேட்டான். கேலி இல்லாமல், ஒரு குழந்தை கேட்பது போல.

"வாசல் வெட்டியாச்சா, மச்சான்?"

படக்காரர் சுவரை உள்ளங்கையால் அறைந்தார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, இன்னொரு குரல், அவனுடைய குரலைப் போலவே, இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது.

"வாசல் வெட்டியாச்சா, மச்சான்?"

அழைப்பு அறுந்தது.

காவல்காரர் வந்து சுவரைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூடிட்டீங்களா?" என்றார். "முன்னாடி அளக்க வந்தவரு உள்ள காலே வைக்கல சார். வாசல்ல நின்னுதான் அளந்தாரு. கோடு போட வரமாட்டேங்குதுன்னு அழுதாரு. நான் வேலை தெரியாத ஆளுன்னு நினைச்சேன்."

போலீஸ் வந்தது. சுவரை உடைத்தார்கள். செங்கலுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது, மழைச்சாரல் வந்தது, புல் வளர்ந்த வெறும் மனை தெரிந்தது. கட்டடம் அங்கேயே முடிந்திருந்தது. வெளிப்பக்கமாக அளந்து பார்த்தபோது, படக்காரர் சொன்னதைவிட ஓர் அறை அளவுக்கு நீளம் குறைந்திருந்தது. ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது என்று காட்ட வேறு படம் இல்லை; முன்பு வந்தவர் போட்டதும் ஆபீஸில் கிடைக்கவில்லை. இடிபாட்டில் செருப்பின் முன்பாதி மட்டும் கிடைத்தது. வெட்டுப்பட்ட விளிம்பு லேசரில் வெட்டியது போல வழுவழுவென்று இருந்தது. சாவிக்கொத்தில் ஒரு சாவிக்குப் பூட்டு இல்லை. படக்காரரை நாள் கணக்கில் விசாரித்தார்கள். அவர் சொன்னதையே சொன்னார். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒரு கட்டத்தில் பேனாவை மூடிவிட்டு, "வீட்டுக்குப் போங்க" என்றார். சுவரை மறுபடி கட்டிப் பூசினார்கள்.

தங்கை அழவில்லை. அதுதான் அவரை அதிகமாக உலுக்கியது. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்கதானே அண்ணா மூடினீங்க. திறக்க முடியாதா?"

கடையில் மின்சாரம் கொடுத்து மடிக்கணினியைத் திறந்தார். கோப்பு தானாகவே சேமித்துக்கொண்டிருந்தது. மறைந்த அறைகள் எல்லாம் திரும்ப வந்திருந்தன. செய்த வேலைகளின் தடம் மட்டும் அழிந்திருந்தது. அன்டூவில் பின்னோக்கிப் போக ஓர் அடிகூட இல்லை. கடைசி அறை மூடிக் கிடந்தது. தெரிந்த கருவிகளை எல்லாம் போட்டுப் பார்த்தார். தொழிலில் தனக்கு மூத்தவர்களிடம் கேட்டார். அவர்களுடைய கணினியில் அந்தக் கோடு வெட்டுப்பட்டது. சேமித்துத் திறந்தால் மூடியிருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுக் கோப்பில், முதல் கோட்டிலிருந்து, வாசலோடு அந்த அறையை வரைந்தார். முதல் தடவையாகத் தன் பழக்கத்தை மாற்றி, மூடாமலே வரைந்தார். வாசல் திரையில் இருந்தது. லேசர் வெட்டிக் கொடுத்த தகட்டில் இல்லை. தகட்டைச் சின்ன ரம்பத்தால் கையால் அறுத்தார். பல் உடைந்தது, தகட்டில் கீறல் விழவில்லை.

தடவிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. மூடிய அறைக்குள், மேடாக, கடுகு மாதிரி இரண்டு புள்ளிகள். ஒன்று ஒரு மூலையில், இன்னொன்று எதிர் மூலையில்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் திறப்பு நாள் நெருங்கிவிட்டது. எந்தத் தகடு இருந்ததோ அதை வாங்கிக்கொண்டு போய் நுழைவாயிலில் மாட்டினார்கள். கட்டடத்துக்கு வெள்ளை அடித்தார்கள், விளக்குப் போட்டார்கள். ஆட்கள் நடமாட ஆரம்பித்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியவர் தகட்டை நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த நர்ஸிடம் கேட்டாராம்: "இந்த ரூமுக்கு வழி இல்லையாம்மா? உள்ள ரெண்டு பேர் இருக்காங்களே."

தங்கை தினமும் மதியம் வந்தாள். நடையின் கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருப்பாள். யாரும் எதுவும் சொல்வதில்லை. நோயாளியின் வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். படக்காரர் அவளைக் கொண்டுவந்து விட்டு, நுழைவாயிலிலேயே நின்றுவிடுவார். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போக அவருக்குக் கால் வராது. நின்ற இடத்தில் தகட்டைத் தடவிக்கொண்டிருப்பார். புள்ளிகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் இருந்தன. ஒன்று எப்போதும் சுவரை ஒட்டியே நகர்ந்தது, வழி தேடுகிறவன் மாதிரி. மற்றது அதன் பின்னாலேயே போனது.

ஒரு நாள் மதியம், விரல் அந்த அறைக்குள் போனபோது ஒரு புள்ளிதான் இருந்தது.

அவர் மறுபடி தடவினார். நான்கு மூலைகள், நான்கு சுவர்கள். ஒன்றுதான். வந்துவிட்டான். எப்படியோ வெளியே வந்துவிட்டான்.

"அண்ணா!" நடையின் அந்தக் கோடியிலிருந்து தங்கை கூப்பிட்டாள். அத்தனை நாளும் அவள் முகத்தில் இல்லாத வெளிச்சம் குரலில் இருந்தது. "அண்ணா, விசில் கேக்குது! இங்க வாங்க, உள்ளேர்ந்து கேக்குது. அவர்தான்!"

நடை அமைதியாக இருந்ததால் அவருக்கும் கேட்டது. சுவருக்குப் பின்னால், எங்கோ தூரத்தில், அதே மெட்டு. கடைசி அடியில் சுருதி இறங்கியது.

படக்காரரின் விரல் தகட்டின் மேல் தானாக நகர்ந்தது. மூடிய அறையை விட்டு வெளியே. நடையின் வழியாக. அறை அறையாகக் கடந்து, நுழைவாயிலுக்கு. நட்சத்திரத்துக்கு.

நட்சத்திரத்தை ஒட்டி, கடுகு மாதிரி ஒரு புள்ளி.

நனைந்த கம்பளியின் வாடை வந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, காதுக்கு வெகு பக்கத்தில், யாரோ அந்தக் கடைசி அடியை விசிலடித்தார்கள். சுருதி இறங்கவே இல்லை.